எடை எவ்வளவு?

திருமலைக் கோவிலில் துலாபாரத்துக்கென்று ஒரு பெரிய தராசு இருக்கிறது. ஒரு தட்டில் குழந்தையை உட்கார வைப்பார்கள். மறு தட்டில் வெல்லம், கல்கண்டு, சர்க்கரை அல்லது சில்லறைக் காசு ஏறும். இரண்டு தட்டும் சமமாக வந்து நிற்கும்வரை குடும்பமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். கால் கிலோ குறைந்தாலும் மனசு கேட்காது. இன்னொரு கை வெல்லம் விழும். அதே குழந்தையைக் காய்ச்சல் என்று கீழே திருப்பதியிலோ சித்தூரிலோ ஒரு டாக்டரிடம் தூக்கி வரும்போது "என்ன எடை?" என்று கேட்டுப் பாருங்கள். அப்பாவும் அம்மாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். "ஒரு பத்துப் பதினொண்ணு இருக்கும் சார்."

அவர்களைக் குறை சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. சித்தூரில் கால் நூற்றாண்டாக வைத்தியம் பார்க்கிறேன். என் கிளினிக்கிலும் ஒரு எடை மெஷின் இருக்கிறது. வெகுகாலம் அதன் மேல் பழைய பத்திரிகைகளை அடுக்கி வைத்திருந்தோம். மெஷின் மறுபடி வெளியே வந்ததற்குக் காரணம் ஒரு மரணம்.

எங்கள் ஊரைச் சுற்றி மாம்பழக் கூழ் ஃபாக்டரிகள் நிறைய. சீசனில் லாரி லாரியாகத் தோத்தாபுரி வந்து இறங்கும். அப்படி ஒரு ஃபாக்டரியில் கணக்கெழுதுகிறவர் அவர். நாற்பத்தோரு வயது. நல்ல ஆகிருதி, சிரித்த முகம், சீசன் முடிந்தால் ஒரு கூடைப் பழம் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். ஒரு ஜூலை மாதம் காய்ச்சல், வாந்தி என்று வந்தார். இரண்டாம் முறை வந்தபோது கண் மஞ்சள். ரத்தப் பரிசோதனைக்கு எழுதினேன். ஓய்வெடுங்கள், ஐந்து நாள் கழித்து வாருங்கள் என்றேன். சீட்டில் பெயர் இருந்தது, வயது இருந்தது, ரத்த அழுத்தம்கூட இருந்தது. எடை என்ற இடம் காலி.

அவர் ஐந்து நாள் கழித்து வரவில்லை. எங்கள் பக்கத்தில் காமாலை என்றால் பசரு மந்துதான். ஏதோ ஒரு கிராமத்தில், காலையில் வெறும் வயிற்றில், இலைச் சாறு. அதோடு பத்தியம்: உப்பில்லை, எண்ணெயில்லை, பருப்பில்லை. கஞ்சியும் மோரும் கரும்புச் சாறும். தமிழ்நாட்டில் கீழாநெல்லி செய்கிற வேலையை இங்கே பசரு செய்கிறது, வித்தியாசம் மொழியில்தான். பெரும்பாலான வைரஸ் காமாலைகள் தாமாகவே குணமாகிவிடுவதால் சாறு கொடுத்தவருக்குப் பெயர் கிடைத்துவிடும்.

பத்தாம் நாள் அவர் மனைவி வந்தார். "சார், ராத்திரி பூரா முழிச்சிக்கிட்டு இருக்கார். பகல்ல தூங்கறார். இன்னிக்குக் காலைல சட்டைக்குப் பொத்தான் போடத் தெரியாம அதையே பார்த்துட்டு உக்காந்திருக்கார்."

மருத்துவம் படித்த எவருக்கும் வயிற்றைப் பிசைகிற வாக்கியம் இது. காமாலை வந்த ஒருவருக்குத் தூக்கம் தலைகீழானால், பேச்சு குழறினால், பழகிய காரியம் கைக்கு வராமல் போனால், கல்லீரல் தன் வேலையை நிறுத்திக்கொண்டது என்று அர்த்தம். ரத்தம் உறைகிற நேரம் நீளும். கல்லீரல் வடிகட்ட வேண்டிய அம்மோனியா மூளைக்கு ஏறும். மூளை வீங்கும். அதற்கு முன் கல்லீரல் நோயே இல்லாத ஒருவருக்கு நாட்களிலோ சில வாரங்களிலோ இப்படி நேர்வதற்குத் திடீர் கல்லீரல் செயலிழப்பு என்று பெயர். டெல்லி எய்ம்ஸ் டாக்டர்கள் 423 நோயாளிகளைப் பற்றி 1996இல் எழுதிய கட்டுரையில், மூன்றில் இரண்டு பேர் இறந்துபோனார்கள். அன்றைக்கு மாற்றுக் கல்லீரல் என்பது இங்கே கைக்கெட்டாத விஷயம். இன்று தீவிர சிகிச்சை எவ்வளவோ முன்னேறிவிட்டது. ஆனாலும் இது விளையாட்டு நோய் இல்லை.

அன்று மாலையே சென்னைக்கு அனுப்பினேன். சென்று சேர்ந்ததும் அவசரப் பிரிவில் இருந்த ஓர் இளம் டாக்டர் எனக்கு போன் செய்தார். முதல் கேள்வி, எப்போது மஞ்சள் தெரிந்தது. இரண்டாவது, என்னென்ன மருந்து சாப்பிட்டார். மூன்றாவது, எடை எவ்வளவு. மனைவி எண்பது என்றாராம். தம்பி தொண்ணூறு என்றாராம். "உங்கள் ரெக்கார்டில் இருக்குமே டாக்டர்?" என்றார் அந்தப் பிள்ளை. எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. கட்டிலோடு சேர்ந்த தராசில் மறுநாள் பார்த்தபோது 97. அதற்குள் சில லிட்டர் திரவம் நரம்பு வழியாக உள்ளே போயிருந்தது. ஆகவே அந்த 97இல் எவ்வளவு உடம்பு, எவ்வளவு தண்ணீர் என்பது யாருக்கும் தெரியாது.

நாலாம் நாள் அவர் இறந்தார். ஹெபடைடிஸ் ஈ. குடிநீரில் சாக்கடை கலந்தால் வருவது.

காரியம் எல்லாம் முடிந்த பிறகு மனைவி ஒரே ஒரு கேள்வியோடு வந்தார். "எல்லாரும் சொல்றாங்க சார், அவர் குண்டா இருந்ததாலதான் தாங்கலன்னு. நான்தான் சாப்பாடு போட்டுப் போட்டுக் கெடுத்தேனாம். நிஜமா?"

இந்தக் கேள்விக்கு அன்று ஒழுங்காகப் பதில் சொல்லவில்லை. இப்போது முயற்சி செய்கிறேன்.

முதலில் அவருக்குப் பாதகமான சாட்சி. அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகள் சேர்ந்து இந்த நோய்க்கென்றே ஒரு பதிவேடு வைத்திருக்கின்றன. அதிலிருந்து 2006இல் வெளியான ஓர் ஆய்வு எடையை மட்டும் எடுத்துக்கொண்டு பார்த்தது. பருமனானவர்களுக்கு மரணமோ மாற்றுக் கல்லீரல் தேவையோ ஏற்படும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஒன்றரை மடங்குக்கும் மேல். மிக அதிகப் பருமன் உள்ளவர்களுக்கு ஏறத்தாழ இரு மடங்கு. காரணங்கள் ஊகிக்கக் கூடியவைதான். பருமனானவரின் கல்லீரலில் ஏற்கெனவே கொழுப்பு படிந்திருக்கும். அடி விழும்போது அது மீண்டும் வளர்வதில் சுணக்கம் காட்டும். படுத்த நிலையில் வயிறு நுரையீரலை அழுத்தும். செயற்கை சுவாசம் கஷ்டம், நரம்பு கிடைப்பது கஷ்டம், கிருமித் தொற்று சுலபம்.

ஆனால் அதே ஆய்வில் இன்னொரு செய்தியும் இருந்தது. யாரும் அதை எடுத்துச் சொல்வதில்லை. இந்த நோயோடு வந்தவர்களில் பருமனானவர்களின் விகிதம் அந்த நாட்டு மக்களிடையே இருக்கும் விகிதத்தை ஒட்டியே இருந்தது. அதாவது பருமன் இந்த நோயைக் கூட்டிக்கொண்டு வருவதாக அங்கே தெரியவில்லை. வந்த பிறகு தாங்குகிற சக்தியைத்தான் குறைக்கிறது. கணக்கருக்கு நோய் வந்தது தண்ணீரிலிருந்து. அவர் மனைவி போட்ட சாப்பாட்டிலிருந்து வரவில்லை. இதை அந்த அம்மாளிடம் அன்றே சொல்லியிருக்க வேண்டும்.

அடுத்தது, எடை மெஷின் சொல்கிற எண் எதைச் சொல்கிறது என்ற கேள்வி. புனாவைச் சேர்ந்த டாக்டர் யாஜ்னிக்கும் லண்டனைச் சேர்ந்த டாக்டர் யுட்கினும் அடுத்தடுத்து நிற்கும் ஒரு படம் 2004இல் லான்செட் பத்திரிகையில் வந்தது. உயரத்துக்கும் எடைக்கும் உள்ள விகிதம் இருவருக்கும் ஒன்றே: 22.3. ஆனால் கொழுப்பை அளந்து பார்த்தால் வெள்ளைக்காரருக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2. இருவரும் ஒல்லிதான், ஒருவர் ஒல்லி வேஷத்தில் இருக்கும் குண்டர். அமெரிக்க ஆய்வு 30 என்ற எண்ணில் போட்ட கோட்டை நமக்கு 25லேயே போட வேண்டும் என்று இங்குள்ள நிபுணர்கள் சொல்வது இதனால்தான். 2019-21இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி ஆந்திரப் பெண்களில் சுமார் 36 சதவீதம் பேர் அதிக எடை உள்ளவர்கள், தமிழ்நாட்டில் 40. அந்தக் கணக்கெடுப்பு உலகம் முழுவதற்குமான பழைய கோட்டை வைத்தே அளந்தது. நம்முடைய கோட்டை வைத்தால் எண் இன்னும் ஏறும்.

கொழுப்பைவிட முக்கியமான ஒன்றை மெஷின் காட்டவே காட்டாது. அது தசை. கல்லீரல் படுத்துவிட்டால் ரத்தத்தில் ஏறும் அம்மோனியாவைப் பிடித்து வேறு பொருளாக மாற்றுகிற உபரி வேலையைச் செய்வது தசைதான். தொடையும் தோளும் அப்போது கல்லீரலுக்குத் துணைக்கு வருகின்றன. தொண்ணூறு கிலோவில் தசை கம்மியாக இருக்கும் ஒரு நாற்காலி உத்தியோகஸ்தரைவிட, அறுபது கிலோ இருக்கும் மண்டி மூட்டைக்காரருக்கு இந்தத் துணை அதிகம். கணக்கர் பத்து நாள் பத்தியம் இருந்தார் என்பதை இங்கே நினைத்துப் பாருங்கள். பட்டினியில் முதலில் கரைவது கொழுப்பு என்று பலரும் நம்புகிறார்கள். நோயாளி உடம்பில் தசையும் சேர்ந்தே கரையும். காமாலைக்கு உப்பையும் பருப்பையும் நிறுத்தச் சொல்லி இன்றைய வைத்தியத்தில் எங்கும் இல்லை. சாப்பிட முடிந்ததைச் சாப்பிடலாம்.

ஒல்லியானவர்கள் இதைப் படித்துவிட்டு நிம்மதி அடைய வேண்டாம். நம் ஊரில் எடையால் கல்லீரலைப் பறிகொடுப்பவர்களில் அவர்கள் பங்கும் கணிசம். காசநோய் மருந்தை எடுத்துக்கொள்ளுங்கள். நான்கு மருந்துகளில் மூன்று கல்லீரலைத் தொடக்கூடியவை. உடம்பு வற்றி, ரத்தத்தில் புரதம் குறைந்தவர்களுக்கு அந்தப் பாதிப்பு வரும் வாய்ப்பு கூடுதல் என்று இந்திய டாக்டர்கள் 1990களிலேயே கண்டு எழுதினார்கள். எய்ம்ஸ் 2010இல் வெளியிட்ட கணக்கில், காசநோய் மருந்தால் கல்லீரல் செயலிழந்த 70 பேரில் மூன்றில் இரண்டு பங்கினர் பிழைக்கவில்லை. ஒரு விஷயத்தில் அரசாங்கத்தைப் பாராட்டியே ஆகவேண்டும். எடையை மதிக்கிற இடம் என்று நம்மிடம் இருப்பது காசநோய் திட்டம்தான். 35 முதல் 49 கிலோ வரை தினம் 3 மாத்திரை, 50 முதல் 64 வரை 4 என்று கிலோவுக்குத் தக்க அடுக்கு. நோயாளி வரும்போதெல்லாம் நிறுத்துப் பார்க்க வேண்டும். அந்த அட்டையைப் பார்க்கும்போதெல்லாம் என் சீட்டை நினைத்து வெட்கமாக இருக்கும்.

காய்ச்சல் மாத்திரைக்கு அப்படி ஓர் அட்டை இல்லை. பாராசிட்டமால் நல்ல மருந்து, அளவோடு சாப்பிட்டால் சாது. ஒரு நாளைக்கு நாலு கிராம் வரை போகலாம் என்று புத்தகத்தில் இருப்பது சராசரி எடையுள்ள ஆரோக்கியமான ஆளுக்கு. 38 கிலோ இருக்கும் ஒரு கூலிக்காரப் பெண்மணி, மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடாமல், அதே நாலு கிராம் போட்டால் கிலோவுக்கு நூறு மில்லிகிராமுக்கு மேல் போய்விடும். கிலோவுக்கு 75க்குள் நிற்பதுதான் பத்திரம். அவருக்கு அது 2.8 கிராம் சுமார். வயிறு காய்ந்தவர்களின் கல்லீரலில் இந்த மருந்தின் விஷத்தை முறிக்கிற சரக்கும் குறைந்திருக்கும். குழந்தைகள் விஷயம் இன்னும் மோசம். சொட்டு மருந்தில் ஒரு மில்லியில் 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லியில் 125 அல்லது 250. இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே மாதிரி பெட்டி. பத்துக் கிலோக் குழந்தைக்கு ஒரு வேளைக்கு வேண்டியது 100 முதல் 150 மில்லிகிராம். சிரப் என்று நினைத்துச் சொட்டு மருந்தில் ஐந்து மில்லி ஊற்றினால் 500. பாட்டி ஒரு தடவை, அம்மா ஒரு தடவை என்று இது இரண்டு நாள் நடந்தால் போதும்.

சிகிச்சைக்கு வருவோம். இங்கே எல்லாமே கிலோக் கணக்கு. அசிட்டைல் சிஸ்டைன் என்று ஒரு மருந்து. பாராசிட்டமால் விஷத்துக்கு இது முறிவு. மற்றக் காரணங்களால் வந்த செயலிழப்பிலும், மூளை பெரிதும் மங்குவதற்கு முன் கொடுத்தால் பலன் உண்டென்று 2009இல் ஓர் அமெரிக்கச் சோதனை காட்டியது. வழக்கமான முறையில் முதல் ஒரு மணியில் கிலோவுக்கு 150 மில்லிகிராம், அடுத்த நாலு மணியில் 50, அதற்கடுத்த பதினாறு மணியில் 100. அறுபது கிலோ ஆளுக்கு மொத்தம் 18 கிராம். எண்பது என்று நினைத்து ஆரம்பித்து ஆள் 97 என்று தெரிந்தால் ஐந்து கிராம் குறைந்துபோயிருக்கும். இதனால்தான் கணக்கர் இறந்தார் என்று நான் சொல்ல வரவில்லை. ஐந்து கிராம் அவரைக் காப்பாற்றியிருக்குமா என்று சொல்ல யாராலும் முடியாது. ஆனால் ஒரு தராசு பக்கத்தில் இருந்தும் ஊகத்தில் ஆரம்பிப்பது என்ன நியாயம்?

ரத்தத் திரவத்தை மாற்றுகிற சிகிச்சையும் இப்படித்தான். நோயாளியின் ரத்தத்திலிருந்து மஞ்சள் திரவமான பிளாஸ்மாவை எடுத்துவிட்டு, தானம் செய்தவர்களின் பிளாஸ்மாவை ஏற்றுவது. ஐரோப்பாவில் 182 பேரிடம் இதைச் சோதித்து 2016இல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் நூற்றுக்கு 48 பேர் பிழைத்து வீடு போனார்கள், பிளாஸ்மா மாற்றியவர்களில் 59 பேர். ஆனால் அளவு? உயரத்துக்கு இருக்க வேண்டிய எடையில் 15 சதவீதம், தினமும், மூன்று நாள். அறுபது கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது லிட்டர். அவ்வளவு பிளாஸ்மாவுக்கு எங்கே போவது, யார் பணம் கட்டுவது?

இந்த இடத்தில்தான் எங்கள் பக்கத்து ஊர் வருகிறது. சித்தூரிலிருந்து வேலூர் முக்கால் மணிப் பயணம். 1911 வரை நாங்கள் எல்லாரும் ஒரே வட ஆற்காடு ஜில்லா. சித்தூர்க்காரருக்கு உடம்பு சரியில்லை என்றால் ஒன்று திருப்பதி ரூயா, ஸ்விம்ஸ்; அல்லது வேலூர் சி.எம்.சி. 2022இல் திருப்பதி தனி ஜில்லாவாகப் பிரிந்த பின்னும் இந்த வழக்கம் மாறவில்லை. சி.எம்.சி. டாக்டர்கள் எலி மருந்துப் பசையால் கல்லீரல் போனவர்களை நிறையப் பார்த்தவர்கள். மஞ்சள் பாஸ்பரஸ் கலந்த இந்தப் பசைக்கு முறிவு மருந்தே கிடையாது. பெரும்பாலும் இளம் வயதினர், பெரும்பாலும் ஒரு கணக் கோபம். மறுநாளே சாவு வேண்டாம் என்று அழுபவர்கள். (2022இன் இறுதியில் தமிழக அரசு இதன் விற்பனையைத் தடை செய்ய நடவடிக்கை எடுத்தது. அதற்கு முன்பே செய்திருக்கலாம்.) மாற்றுக் கல்லீரலுக்கு வசதியில்லாத இவர்களுக்கு வேலூர் டாக்டர்கள் குறைந்த அளவில் பிளாஸ்மா மாற்றிப் பார்த்தார்கள். ஐரோப்பியக் கணக்கில் ஒன்பது லிட்டர் என்றால் இங்கே உடம்பில் உள்ள பிளாஸ்மாவில் பாதி அளவே. பிளாஸ்மா சுமாராகக் கிலோவுக்கு 40 மில்லி. அறுபது கிலோவுக்கு 2.4 லிட்டர், அதில் பாதி 1.2. ஐந்தாறு பை போதும். பலர் பிழைத்ததாக அவர்கள் எழுதியிருக்கிறார்கள். ஏழை நாட்டுக்கு ஏற்ற கணக்கு.

இதிலும் எடை தெரியவேண்டும், எந்த எடை என்பதும் தெரியவேண்டும். கொழுப்பில் ரத்தம் குறைவு. 97 கிலோ ஆளுக்கு 97ஐ வைத்துப் பெருக்கினால் கணக்கு வீங்கிவிடும். உயரத்தையும் அளந்தால்தான் சரியான எண் வரும். உயரத்தையும் என் சீட்டில் எழுதியிருக்கவில்லை.

இனி இந்தக் கதையில் எனக்கு மறக்க முடியாத பகுதி. இரண்டாம் நாள் டாக்டர்கள் மாற்றுக் கல்லீரல் பற்றிப் பேசினார்கள். நம் நாட்டில் இறந்தவர்களிடமிருந்து கிடைக்கும் உறுப்புகள் குறைவு. அதனால் உயிரோடிருக்கும் உறவினர் ஒரு பங்கைத் தருவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. இந்தியாவில் வெற்றிகரமாக நடந்த முதல் குழந்தை அறுவையே அப்படித்தான். 1998 நவம்பரில், காஞ்சிபுரத்துக் குழந்தை சஞ்சய் கந்தசாமிக்கு டெல்லியில் தகப்பனாரின் கல்லீரலில் ஒரு துண்டை வைத்தார்கள். இரண்டு வயதுகூட நிரம்பாத குழந்தை. தகப்பனின் சிறு துண்டு தாராளமாகப் போதும். பிள்ளை பின்னாளில் டாக்டராகவே ஆனார்.

கணவன் மனைவி என்றால் கணக்கு தலைகீழ். கணக்கரின் மனைவி, கேட்ட நிமிஷமே, "என்னோடதை எடுத்துக்கோங்க" என்றார். அவர் எடை 47 கிலோ. கல்லீரல் நம் எடையில் சுமார் இரண்டு சதவீதம். அவருக்கு 940 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம். வலது பங்கை எடுத்தால் ஏறத்தாழ 600. மீதி அவருக்கு உயிர் வாழ வேண்டும். பெறுகிறவருக்கு அவர் எடையில் 0.8 சதவீதமாவது வேண்டும் என்பது பழைய விதி. 97 கிலோவுக்கு 776 கிராம். கொழுப்புக்காகவும் கல்லீரல் வேண்டுமா, 0.6 போதாதா என்று வாதிடும் நிபுணர்கள் உண்டு. அந்த வாதத்தில் நியாயமும் உண்டு. ஆனால் மூளை வீங்கிக்கொண்டிருக்கும் நோயாளிக்குச் சின்னத் துண்டை வைத்துப் பார்க்கத் துணிவது எளிதில்லை. நூற்றெழுபது கிராம் குறைகிறது என்று அந்த அம்மாளிடம் சொன்னார்கள். "அவ்வளவுதானா? வேற யார்கிட்டயாவது சேர்த்து எடுக்க முடியாதா?" என்று கேட்டாராம். இரண்டு பேரிடமிருந்து இரண்டு துண்டு எடுத்து வைக்கிற அறுவை உலகில் உண்டு. ஒரு ராத்திரியில் ஏற்பாடு செய்கிற காரியமாக அது இல்லை.

தம்பி வந்தார். நல்ல உயரம், 91 கிலோ, ரத்த வகுப்பு பொருந்தியது. ஸ்கேனில் கல்லீரல் பூராவும் கொழுப்பு. நாட்பட்ட நோயாக இருந்தால் இப்படிப்பட்டவரிடம், "இரண்டு மாதம் நடங்கள், அரிசியைக் குறையுங்கள், எடை இறங்கியதும் வாருங்கள்" என்பார்கள். அப்படி இறக்கிவிட்டு வந்து தானம் செய்தவர்கள் அநேகம். திடீர் செயலிழப்பில் இரண்டு மாதம் ஏது? இரண்டு நாள்தான் இருந்தது. தம்பி அன்று வராந்தாவில் தன் தொப்பையில் தானே குத்திக்கொண்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

மூன்றாவதாக அக்கா மகன், பலமநேரிலிருந்து. இருபத்து மூன்று வயது, வாலிபால் ஆடுகிறவன், எல்லாம் பொருந்தும்போல் இருந்தது. ஆனால் 1994ஆம் வருடத்துச் சட்டத்தின்படி அக்கா மகன் நெருங்கிய உறவில் சேர்த்தியில்லை. 2011இல் திருத்தியபோது தாத்தா பாட்டியும் பேரப் பிள்ளைகளும் சேர்ந்தார்கள்; மருமகப்பிள்ளைகள் சேரவில்லை. தனியாக ஒரு கமிட்டி அனுமதி தரவேண்டும். பணத்துக்கு உறுப்பு விற்பதைத் தடுக்க வந்த விதி, அவசியமான விதிதான். ஆஸ்பத்திரிக்காரர்கள் காகிதங்களோடு ஓடினார்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. அனுமதி வருவதற்கு முன் கணக்கரின் கண்மணிகள் வெளிச்சத்துக்கு அசையாமல் நின்றுவிட்டன.

ஆக, அந்த அம்மாளின் கேள்விக்கு என்ன பதில்? எடை அவருக்கு எதிராக இருந்தது உண்மை. அவருடைய எடை மட்டும் இல்லை. மனைவி மெலிந்திருந்ததும் தம்பி பருத்திருந்ததும் சேர்ந்து எதிராக இருந்தன. சாக்கடை கலந்த தண்ணீர், பத்து நாள் பட்டினி, வீணான ஒரு வாரம், இவையும் இருந்தன. இவற்றில் எதற்கு எத்தனை மார்க் என்று பிரித்துக் கொடுக்க என்னால் முடியாது. அவர் போட்ட சாப்பாட்டின் மேல் முழுப் பழியையும் போடுகிற சொந்தக்காரர்கள் எவரும் அந்தத் தண்ணீரைப் பற்றிப் பேசியதில்லை.

பத்திரிகைகளை எடுத்துவிட்டு மெஷினைக் கதவுப் பக்கம் வைத்து இப்போது சில வருடங்கள் ஆகின்றன. நிற்க முடிந்தவர்கள் எல்லாரும் ஏறி இறங்கித்தான் உள்ளே வரவேண்டும். சுவரில் உயரத்துக்கு ஒரு கோடு. கம்பவுண்டர் எழுதி வைக்கிறார். குழந்தையென்றால் அம்மா தூக்கிக்கொண்டு ஒரு தடவை, இறக்கிவிட்டு ஒரு தடவை, கழித்தால் குழந்தை. சிலர் செருப்பைக் கழற்ற மறுப்பார்கள். சில பெண்கள் எண்ணைச் சத்தமாகச் சொல்லவேண்டாம் என்பார்கள், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

போன மாதம் குடிபாலாப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி காய்ச்சலோடு வந்தார். கம்பவுண்டர் மெஷினைக் காட்டினார். பாட்டி ஏறவில்லை.

"பருவு எந்துக்கு?" என்று தெலுங்கில் ஆரம்பித்து, என் முகத்தைப் பார்த்ததும் தமிழுக்கு மாறினார். "எதுக்கு சாமி எடை? வெல்லம் வாங்கக் காசில்ல."

"வெல்லம் வேணாம் பாட்டி, மாத்திரைதான்" என்றேன். ஏறினார். முப்பத்தொன்பது கிலோ.